சின்னப் படம், பெரிய பாட்டு

சார்லஸ் பர்னெட் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் திரைப்படம் படித்த காலத்தில், 10,000 டாலருக்கும் குறைவான செலவில் ஒரு படம் எடுத்தார். பெயர் 'கில்லர் ஆஃப் ஷீப்'. ஆட்டிறைச்சிக் கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு கறுப்பினத் தொழிலாளியையும் அவர் குடும்பத்தையும் பற்றிய கதை. 1977-இல் முடிந்த இந்தப் படத்தை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1990-இல் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது. அவ்வளவு மரியாதை கிடைத்தும் அது முறையாகத் திரையரங்குக்கு வந்தது 2007-இல்தான். முப்பது வருடத் தாமதத்துக்குக் காரணம் படத்தில் ஒலிக்கும் பாட்டுகள். பால் ராப்சன், டைனா வாஷிங்டன் என்று பெரிய பாடகர்களின் இசைத்தட்டுகளைப் பர்னெட் படம் முழுக்கப் பயன்படுத்தியிருந்தார். எதற்கும் உரிமை வாங்கவில்லை. கடைசியில் வாங்கியபோது சுமார் 1,50,000 டாலர் ஆனது. எடுத்த செலவைப்போலப் பதினைந்து மடங்குக்கும் மேல்! அப்படியும் இறுதிக் காட்சியில் வந்த ஒரு பாட்டுக்கு அனுமதி கிடைக்காமல், 2007-இல் வேறு பாட்டை வைத்துத்தான் வெளியிட்டார்கள்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும், பதிப்புரிமைச் சட்டம் ஒரு நல்ல படத்தைப் புதைத்துவிட்டது என்று முடிப்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் குறும்படம், ஆவணப்படம், இணையத் தொடர் என்று கையூன்றிக் கரணம் போடும் நம்மவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. பெரிய படத்துக்கு முதல் சில வாரங்களில் வசூல் முடிந்துவிடும். வழக்கு வந்தாலும் வக்கீல் வைத்துப் பேசவும் பணம் கொடுத்துத் தீர்க்கவும் அதற்கு ஆள் உண்டு. சின்னப் படம் மெதுவாகத்தான் ஊர் சுற்றும். முதலில் ஒரு திரைப்பட விழா, அடுத்து ஏதாவது கல்லூரி அரங்கம், இரண்டு வருடம் கழித்து ஒரு ஓடிடி தளம், பத்து வருடம் கழித்து யாரோ ஓர் ஆய்வாளர். இந்த நீண்ட ஆயுள்தான் அதன் சொத்து. ஒரே ஒரு பாட்டு அந்த ஆயுளை வெட்டிவிடும். இசைக்கு முறையாக உரிமை வாங்குவது பணக்காரத் தயாரிப்பாளர்களின் வேலை என்று ஒதுக்குகிறார்கள். கையில் காசில்லாதவருக்குத்தான் அது முதல் தேவை என்பது என் கட்சி.

சரி, உரிமை என்றால் யாரிடம், எதை வாங்குவது? காதுக்கு ஒன்றாகக் கேட்கும் சினிமாப் பாட்டு சட்டத்தின் கண்ணில் மூன்று தனிச் சொத்து: வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு. இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி வரிகளுக்கும் மெட்டுக்கும் அவற்றைப் படைத்தவரின் ஆயுளும் அதற்குப் பின் 60 ஆண்டும் பாதுகாப்பு. ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு. படத்தில் ஒரு பாட்டைச் சேர்க்க, மெட்டையும் வரிகளையும் காட்சியோடு இணைக்கும் அனுமதி ஒன்று வேண்டும். தொழிலில் அதை சிங்க் ரைட்ஸ் என்பார்கள். அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவைப் பயன்படுத்த மாஸ்டர் ரைட்ஸ் என்று இன்னொன்று வேண்டும். முதலாவதை வாங்கி இரண்டாவதை விட்டாலும், இரண்டாவதை வாங்கி முதலாவதை விட்டாலும் பாட்டு உங்களுடையதாகாது.

'நாடோடி மன்னன்' படத்தில் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதி எஸ்.எம். சுப்பையா நாயுடு இசையமைத்த ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம். கவிஞர் 1959-இல் மறைந்தார். வரிகளின் பாதுகாப்பு 2019 முடிவோடு போயிற்று. அவர் படைப்புகளைத் தமிழ்நாடு அரசு அதற்கு முன்பே நாட்டுடைமையும் ஆக்கிவிட்டது. படம் வெளியானது 1958. ஒலிப்பதிவின் 60 ஆண்டு 2018 இறுதியில் முடிந்தது. ஆக, பாட்டு இலவசம் என்று தோன்றும். ஆனால் சுப்பையா நாயுடு மறைந்தது 1979-இல். மெட்டு 2039 முடியும்வரை உரிமைக்கு உட்பட்டது. வரியை எடுத்து நீங்கள் புதிதாக மெட்டுப் போட்டுக்கொள்ளலாம். அந்த மெட்டோடு எடுத்தால் அனுமதி வேண்டும். இதுவும் இந்திய எல்லைக்குள் மட்டும். அமெரிக்காவின் 2018-ஆம் ஆண்டுச் சட்டப்படி 1958-இல் வெளியான ஒலிப்பதிவுக்கு அங்கே 2067 பிப்ரவரி வரை பாதுகாப்பு உண்டு. இணையத்தில் ஏற்றிய படத்தை நியூ ஜெர்சித் தமிழரும்தானே பார்க்கப்போகிறார்!

பக்தி இசை, கர்நாடக இசை எல்லாம் பொதுச் சொத்து என்ற நம்பிக்கையும் பாதிதான் சரி. தியாகராஜரின் கிருதி யாருக்கும் சொந்தமில்லை. அவர் 1847-இல் மறைந்தார். ஆனால் ஒரு பிரபல வித்வான் பாடி ஒரு நிறுவனம் வெளியிட்ட பதிவு அந்த நிறுவனத்துக்குச் சொந்தமாக இருக்கலாம். பாபநாசம் சிவன் மறைந்தது 1973-இல். அவருடைய கீர்த்தனைகள் 2033 முடியும்வரை பாதுகாப்பில் இருக்கின்றன. கச்சேரி மேடையில் இரண்டும் அடுத்தடுத்து ஒலிப்பதால் இரண்டுக்கும் ஒரே நியாயம் என்று நினைத்துவிடுகிறோம். பாரதியின் பாடல்களே ஒரு காலத்தில் ஒலிப்பதிவு உரிமைக்கு உட்பட்டு ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தன. 1949-இல் சென்னை மாகாண அரசு உரிமைகளைப் பெற்ற பிறகுதான் அவை மக்கள் சொத்தாகும் வழி திறந்தது. இன்று பாரதியின் வரி எல்லோருக்கும் சொந்தம். அதற்குச் சென்ற மாதம் ஒருவர் போட்ட மெட்டு அவருக்குச் சொந்தம்.

சினிமாப் பாட்டில் இன்னொரு சிக்கல், உரிமை யார் கையில் இருக்கிறது என்பதே பல நேரம் தகராறாக இருப்பது. சம்பளம் கொடுத்துப் பாட்டு எழுதவும் இசையமைக்கவும் வைத்த தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தயாரிப்பாளர்கள் ஆடியோ கம்பெனிகளுக்கு விற்றார்கள். அந்தக் கம்பெனிகளும் கைமாறின. 2012-இல் வந்த திருத்தம், இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் திரையரங்குக்கு வெளியே கிடைக்கும் ராயல்டியை எழுதிக்கொடுத்துவிட முடியாது என்று ஆக்கியது. பழைய ஒப்பந்தங்களும் புதிய சட்டமும் உரசும் இடத்தில்தான் இன்றைய சண்டைகள். 2024-இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படம் 'குணா' பாட்டு ஒன்றைப் பயன்படுத்தியதற்காக இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனது. ஆடியோ கம்பெனிகளிடம் முறையாக உரிமை வாங்கியிருக்கிறோம் என்றார்கள் தயாரிப்பாளர்கள். யார் பக்கம் நியாயம் என்பது இங்கே கேள்வியில்லை. பணம் கொடுத்து, காகிதம் வைத்திருந்த ஒரு வெற்றிப்படத்துக்கே இந்த நிலை. புகழ்பெற்ற சினிமாப் பாட்டைத் தன் குறும்படத்தில் வைக்க ஆசைப்படுகிறவர், அனுமதி கொடுக்கிறவரே கூட முழு உரிமையாளராக இல்லாமல் போகலாம் என்று தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். வாங்கும் ஒப்பந்தத்தில், பின்னால் யாராவது உரிமை கோரினால் பொறுப்பு விற்றவருடையது என்று எழுதி வாங்குவது குறைந்தபட்சப் பாதுகாப்பு.

இந்த இடத்தில் வழக்கமாக வரும் பதில்களைப் பார்ப்போம். சில வினாடிதானே, முப்பது வினாடிக்குள் இருந்தால் குற்றமில்லையே என்பது முதலாவது. இப்படி ஒரு வினாடிக் கணக்கு இந்தியச் சட்டத்தில் எங்குமே இல்லை, அமெரிக்கச் சட்டத்திலும் இல்லை. 2005-இல் வெளியான 'மேட் ஹாட் பால்ரூம்' என்ற ஆவணப்படத்தில், படம்பிடித்துக்கொண்டிருக்கும்போது ஒருவருடைய செல்போன் அடித்தது. ரிங்டோன் 'ராக்கி' படத்தின் இசை. ஒலித்தது சுமார் ஆறு வினாடி. உரிமையாளர்கள் கேட்டது 10,000 டாலர்; பேரம் பேசி 2,500-இல் முடித்தார்கள். டைட்டிலில் நன்றி போட்டுவிட்டோம், காசுக்காக எடுக்கவில்லை என்பவை அடுத்த இரண்டு பதில்கள். நன்றி சொல்வது நாகரிகம். அது அனுமதிக்கு ஈடாகாது. காசு வாங்காமல் காட்டினாலும் பொதுமக்களுக்குக் காட்டினால் காட்டியதுதான். லாப நோக்கமில்லை என்பது நீதிமன்றத்தில் தண்டனையைக் குறைக்க உதவலாம். மீறல் இல்லை என்று ஆக்காது.

யூடியூபில் ஏற்றினேன், ஒன்றும் ஆகவில்லையே என்று சிலர் கேட்பார்கள். அங்கே 2007 முதல் கன்டென்ட் ஐடி என்ற முறை இயங்குகிறது. உரிமையாளர் கொடுத்து வைத்திருக்கும் மாதிரியோடு நீங்கள் ஏற்றியது ஒத்துப்போனால், படத்தை முடக்கவோ, விளம்பர வருமானத்தைத் தான் எடுத்துக்கொள்ளவோ, சும்மா கண்காணிக்கவோ உரிமையாளர் முடிவு செய்யலாம். ஒன்றும் ஆகவில்லை என்றால் அவர் இன்று அதைப் பொறுத்துக்கொண்டிருக்கிறார் என்று மட்டும்தான் பொருள். நாளை அந்தக் கம்பெனியே கைமாறினால் முடிவும் மாறும். இப்படி மாதிரியோடு ஒத்துப்போய் வரும் கிளெய்ம் வேறு, படத்தை நீக்கச் சொல்லி உரிமையாளர் புகார் கொடுப்பதால் வரும் ஸ்ட்ரைக் வேறு என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் வந்தால் சேனலே போய்விடும். இன்னொன்றும் உண்டு. யூடியூப் பொறுத்துக்கொண்ட படத்தை ஓடிடி தளம் பொறுத்துக்கொள்ளாது. எந்த இசைக்கு எந்த ஒப்பந்தம் என்று வரிசையாகக் கேட்பார்கள். ஒரு காகிதம் குறைந்தாலும் படம் திரும்பி வந்துவிடும்.

நியாயமான பயன்பாடு என்ற வழி இருக்கிறதே என்பவர்களுக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விமர்சனத்துக்கும் திறனாய்வுக்கும் நடப்புச் செய்திக்கும் ஒரு படைப்பை நியாயமான அளவில் எடுத்தாள இடம் கொடுக்கிறது. ஒரு பாட்டில் வயலின் எங்கே நுழைகிறது, ஏன் நுழைகிறது என்று விளக்கும் காணொளி அந்தச் சில நொடிகளைப் போட்டுக்காட்டலாம். அதே வயலினைக் கதாநாயகி மழையில் நடக்கும் காட்சிக்கு அடியில் போட்டால் அது விமர்சனமில்லை, பின்னணி இசை. ஆவணப்படக்காரர்களுக்கு இங்கே உண்மையான ஒரு குறை இருக்கிறது. பின்னணியில் தற்செயலாகத் தெரியும் ஓவியத்தையோ சிற்பத்தையோ படத்தில் சேர்ப்பதை அதே 52-ஆம் பிரிவு வெளிப்படையாக அனுமதிக்கிறது. டீக்கடை ரேடியோவில் தற்செயலாக ஒலிக்கும் பாட்டுக்கு அப்படி ஒரு விலக்கு எழுதப்படவில்லை. சுவரில் மாட்டிய படத்துக்கு இருக்கும் நியாயம் காற்றில் வரும் பாட்டுக்கும் இருக்க வேண்டும். இந்தத் திருத்தத்தைச் சுயாதீனப் படைப்பாளிகள் சேர்ந்து கேட்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

உரிமை கோருகிற எல்லோரும் நியாயமானவர்களும் இல்லை. உலகமே பிறந்தநாளில் பாடும் அந்த ஆங்கில வாழ்த்துப் பாட்டின் மெட்டு, கென்டக்கியில் இரண்டு சகோதரிகள் 1893-இல் வெளியிட்ட ஒரு சிறுவர் பாட்டுப் புத்தகத்திலிருந்து வந்தது. ஆனாலும் அதைப் படங்களில் பயன்படுத்த ஒரு நிறுவனம் பல பத்தாண்டுகளாகக் காசு வாங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பாட்டைப் பற்றியே ஆவணப்படம் எடுக்க வந்த ஒரு சிறிய தயாரிப்புக் குழு 1,500 டாலர் கட்டிவிட்டு, 2013-இல் வழக்குப் போட்டது. 2015-இல் அந்த உரிமை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. வாங்கிய பணத்துக்கு ஈடாக 1.4 கோடி டாலருக்கு உடன்பாடு ஆனது. ஆகவே சட்டம் பெரியவர்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது என்ற புகாரை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் அந்தக் குழு ஜெயித்தது எப்படி என்று பாருங்கள். ரசீது வைத்திருந்தார்கள், பழைய புத்தகங்களைத் தோண்டினார்கள், நீதிமன்றத்துக்குப் போனார்கள். சொல்லாமல் கொள்ளாமல் பாட்டை எடுத்துப் போட்டிருந்தால், அவர்கள் படம் முடங்கியிருக்கும். அந்தப் பாட்டுக்கு இன்றும் எல்லோரும் காசு கட்டிக்கொண்டிருப்பார்கள்.

இனி வழி என்ன என்ற கேள்வி. சிக்கல் தொடங்கும் இடம் எடிட்டிங் மேசை. காட்சிக்கு ஒரு வேகம் வேண்டும் என்று எடிட்டர் ஏதோ ஒரு பிரபல பி.ஜி.எம்.-ஐத் தற்காலிகமாக டைம்லைனில் போடுகிறார். இயக்குநர் அதை நூறு முறை கேட்கிறார். வெட்டு எல்லாம் அந்தத் தாளத்துக்கே விழுகிறது. மூன்று மாதம் கழித்து இசையமைப்பாளர் புதிதாகப் போட்டுக் கொடுத்தால், பழையதுபோல இல்லையே என்று மனம் ஒப்பாது. பிறகு பழையதையே வைத்துவிடுவோம் என்ற முடிவு. இசையமைப்பாளரை ஸ்கிரிப்ட் கட்டத்திலேயே சேர்த்து, இரண்டு மூன்று கருக்களையாவது படப்பிடிப்புக்கு முன்பே வாங்கிவிட்டால், எடிட்டர் கையில் முதலிலிருந்தே சொந்த இசை இருக்கும். ஊருக்கு நாலு பேர் வீட்டு அறையிலேயே நல்ல தரத்தில் இசையமைக்கும் காலம் இது. பிரபல பாட்டு ஒன்றின் உரிமைக்குப் பேசும் தொகையில் ஒரு முழுக் குறும்படத்துக்கும் இசை அமைத்துவிடலாம்.

அந்த இசையமைப்பாளர் நண்பராக இருந்தாலும் எழுதி வாங்க வேண்டும். நண்பர் என்பதால்தான் இன்னும் கவனமாக எழுத வேண்டும் என்பேன். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருந்தால்தான் செல்லும். எவ்வளவு காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்த நிலப்பரப்புக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். வாட்ஸ்அப்பில் 'யூஸ் பண்ணிக்கோ மச்சி' என்று வந்த ஒரு வரியை நம்பி ஆறாவது ஆண்டில் சிங்கப்பூரில் படத்தைத் திரையிட முடியாது. கால வரம்பு என்பது சின்ன விஷயமில்லை. அமெரிக்கக் குடிமை உரிமைப் போராட்டத்தைப் பதிவுசெய்த 'ஐஸ் ஆன் த ப்ரைஸ்' என்ற 14 பகுதி ஆவணத்தொடர், பழைய படச்சுருள்களுக்கும் பாட்டுகளுக்கும் சில ஆண்டுகளுக்கு மட்டும் உரிமை வாங்கியிருந்தது. காலம் முடிந்ததும் தொலைக்காட்சியிலிருந்து மறைந்தது. அறக்கட்டளைகளின் பெருந்தொகை கிடைத்து, உரிமைகளைப் புதுப்பித்த பிறகு 2006-இல்தான் மறுபடி ஒளிபரப்பானது. விழாக்களுக்கு மட்டும் என்று குறைந்த விலைக்கு உரிமை வாங்குவது தவறில்லை. ஆனால் அதே ஒப்பந்தத்திலேயே பின்னால் ஓடிடிக்குப் போனால் எவ்வளவு என்று விலை பேசி வைத்துவிட வேண்டும். படம் பேசப்பட்ட பிறகு போனால் விலை ஏறியிருக்கும்.

இசையமைப்பாளருக்கும் பணமில்லை என்றால் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியான இசை இருக்கிறது, யூடியூபின் சொந்த இசை நூலகம் இருக்கிறது. இங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக்கூடாது. பிஒய் என்று மட்டும் இருந்தால் பெயர் குறிப்பிட்டுவிட்டு எதற்கும் பயன்படுத்தலாம். என்சி என்றிருந்தால் வணிகப் பயன்பாடு கூடாது. விளம்பர வருமானம் வரும் சேனல் அதில் சிக்கும். எஸ்ஏ என்றிருந்தால் உங்கள் படத்தையும் அதே உரிமத்தில் விட வேண்டி வரும். என்டி என்பதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். மாற்றம் செய்யக்கூடாது என்றுதானே, நான் பாட்டை மாற்றவில்லையே என்று நினைப்பார்கள். இசையை நகரும் காட்சியோடு இணைப்பதே மாற்றம்தான் என்று அந்த உரிமத்திலேயே எழுதியிருக்கிறது. உரிமப் பக்கத்தைத் தேதியோடு படம்பிடித்து வைத்துக்கொள்வதும் நல்லது; பிறகு அந்தப் பக்கம் இருக்கும் என்று சொல்ல முடியாது.

பழைய பாட்டைப் புதிய குரலில் பாட வைத்தால் மாஸ்டர் ரைட்ஸ் பிரச்சினை தீரும். மெட்டுக்கும் வரிக்கும் அனுமதி அப்படியே நிற்கும். கவர் பாட்டுக்குச் சட்டத்தில் தனி உரிமம் உண்டென்று சொல்வார்கள். அது ஒலிப்பதிவு வெளியிடுவதற்கான வழி. காட்சியில் சேர்ப்பதற்கானது இல்லை. நாட்டுப்புறப் பாட்டு, ஒப்பாரி, பறையிசை போன்றவற்றில் மெட்டுக்கு உரிமையாளர் இல்லாமல் இருக்கலாம். ஆனால் கேமரா முன் பாடிய அந்த அம்மாவுக்கும் அடித்த கலைஞருக்கும் நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டு உண்டு. அவர்களுக்குப் புரியும்படி சொல்லி, எழுத்தில் ஒப்புதல் வாங்கி, கையில் உரிய பணமும் கொடுக்க வேண்டும். பெரிய கம்பெனியின் நோட்டீஸுக்குப் பயப்படுகிற படக்குழு, நோட்டீஸ் அனுப்பத் தெரியாதவரின் குரலைச் சும்மா எடுத்துக்கொள்வது எனக்குச் சகிக்காத காரியம்.

2012 திருத்தத்துக்காக மாநிலங்களவையில் முன்னின்று பேசியவர்களில் ஒருவர் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர். அதன் பலன் இன்று பெரிய பெயர்களுக்கு மட்டுமானதில்லை. உங்கள் குறும்படத்துக்கு முதன்முதலாக இசையமைத்த இருபத்திரண்டு வயதுப் பையனும் இந்திய நிகழ்த்து உரிமைச் சங்கத்தில், அதாவது ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினராகலாம். படம் தொலைக்காட்சிக்கோ ஓடிடிக்கோ போகும்போது எந்த இசை எந்த நிமிடத்தில் தொடங்கி எத்தனை வினாடி ஒலிக்கிறது, அமைத்தவர் யார், எழுதியவர் யார் என்று பட்டியலிடும் கியூ ஷீட் ஒன்றைப் படத்தோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். அந்தத் தாளில் பெயர் இருந்தால்தான் ராயல்டி கணக்கில் அவர் வருவார். பைனல் மிக்ஸ் முடிந்த அன்றே அதைத் தயாரித்துவிடலாம். எடிட்டரின் டைம்லைனில் எல்லா விவரமும் அப்போது கண்முன்னே இருக்கும், ஒரு மாலை வேலைதான்.